கீரி கடிக்கவில்லை

எங்கள் வீட்டு வெள்ளைப் பெட்டைக்கோழிக்கு வலது காலில் நடுவிரல் பாதிதான் இருக்கிறது. நகம் கிடையாது. ஏன் இப்படி என்று கேட்டவர்களிடமெல்லாம் ‘கீரி கடிச்சிட்டு’ என்று சொல்லிவந்தேன். அம்மாவிடம் சொன்னேன், மனைவியிடம் சொன்னேன், கால்நடை மருத்துவரிடம் சொன்னேன், அப்போது எட்டு வயதான மகளிடமும் சொன்னேன். கீரி அந்தக் கோழியின் பக்கம் வந்ததே இல்லை. அந்த விரலைக் கெடுத்தவன் நான். இரண்டு வருஷம் கழித்து இதை எழுதுகிறேன்.

புளியங்குடியில் எலுமிச்சை மண்டி ஒன்றில் கணக்கு எழுதுவது என் வேலை. ஊருக்கு மேற்கே, மலையைப் பார்த்துப் போகிற பாதையில், அப்பா வைத்துவிட்டுப்போன எலுமிச்சைத் தோட்டம் ஒன்று. அதன் ஓரத்திலேயே வீடு. மண் செம்மண். வெயிலில் செங்கல் மாதிரி இறுகும், மழையில் களி மாதிரி குழையும். அம்மா இந்த மண்ணில்தான் நாற்பது வருஷமாகச் சிறுவிடைக் கோழி வளர்த்தாள். சிறுவிடைக்குக் கால் மெலிசு, செதில் வழவழப்பு. எவ்வளவு சேற்றில் இறங்கினாலும் நாலு தடவை நிலத்தைக் கிளறினால் காலில் ஒட்டியது உதிர்ந்துவிடும். அம்மா ஒரு கோழிக்கும் கால் கழுவி நான் பார்த்ததில்லை. கோழிக்குக் கால் கழுவ வேண்டிவரும் என்பதே எங்கள் வீட்டில் யாரும் அறியாத சங்கதி.

2023 மே மாதம் பிரம்மா இனத்தில் ஒரு சேவலும் இரண்டு பெட்டையும் வாங்கிவந்தேன். உடம்பு வெள்ளை. கழுத்து இறகில் மட்டும் நடுவே கருப்புக் கோடு, வால் கருப்பு. தொடையிலிருந்து இறகு இறங்கிக் கணுக்காலை மூடி, வெளிவிரலிலும் நடுவிரலிலும் படர்ந்து தரையைத் தொடும். நடக்கும்போது விரல் தெரியாது. பட்டுப்பாவாடை கட்டிய சின்னப்பிள்ளை முற்றத்தில் நடந்து வருவது போல இருக்கும். அந்த நடையைப் பார்த்துத்தான் வாங்கினேன். வேறு எதையும் யோசிக்கவில்லை.

ஆட்டோவிலிருந்து கூடையை இறக்கியதும் அம்மா குனிந்து பார்த்தாள்.

“கால்ல இறக்க மொளச்ச கோழிய இந்த மண்ணுல வச்சு என்னல செய்யப்போற? சாரல் வரட்டும், அப்பொறம் தெரியும்.”

“அதெல்லாம் நான் பாத்துக்கிடுதேன்மா” என்றேன்.

வீட்டுக்கு வருகிறவர்களிடம் இந்தக் கோழியின் கதையைச் சொல்வதில் எனக்கு அவ்வளவு ஆசை. பிரம்மா என்ற பெயர் நான்முகனைக் குறிப்பதல்ல, பிரம்மபுத்திரா நதியின் பெயரைச் சுருக்கியது என்பேன். 1840களில் சீனத்து ஷாங்காய் துறைமுகத்திலிருந்து அமெரிக்காவுக்குப் போன பெரிய கோழிகளும், வங்கக் கரையோரத்துச் சிட்டகாங் கோழிகளும் கலந்து உருவான இனம் என்பேன். 1852இல் ஜார்ஜ் பர்ன்ஹாம் என்ற அமெரிக்கர் விக்டோரியா மகாராணிக்கு ஒன்பது கோழிகளைக் கப்பலில் பரிசாக அனுப்பியதையும், அந்தக் காலத்தில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஜனங்கள் பித்துப்பிடித்து இந்தக் கோழிகளை வாங்கியதையும், அந்தப் பித்தைப் பற்றி அதே பர்ன்ஹாம் 1855இல் ஒரு புத்தகமே எழுதியதையும் சொல்வேன். இதே மாதிரி காலில் இறகுள்ள ‘கொச்சின்’ கோழிக்கும் நமக்குப் பக்கத்தில் இருக்கும் கொச்சிக்கும் சம்பந்தமில்லை, அதுவும் சீனத்திலிருந்து போனதுதான், கொச்சின் சைனா என்று பெயர் வைத்துவிட்டார்கள் என்று விளக்குவேன். கேட்பவர்கள் வாயைப் பிளந்து கேட்பார்கள்.

காலில் ஏன் இறகு முளைக்கிறது என்பதையும் படித்து வைத்திருந்தேன். முட்டைக்குள் குஞ்சு உருவாகும்போது இது இறக்கை, இது கால் என்று பிரித்துச் சொல்லும் மரபணுக்கள் உண்டு. 2016இல் காலில் இறகுள்ள புறாக்களை ஆராய்ந்தவர்கள், இறக்கையை உண்டாக்க வேண்டிய மரபணு அவற்றின் காலிலும் வேலை செய்வதைக் கண்டார்கள். கோழியிலும் அதே மரபணுக்கள்தான் காரணம் என்று பிற்பாடு வந்த ஆராய்ச்சிகள் காட்டின. ஆக, அந்தக் கோழியின் கால் வெறும் கால் அல்ல. பாதி இறக்கை. இதைச் சொல்லும்போது எனக்கே மெய் சிலிர்க்கும்.

இத்தனையும் மனப்பாடமாகத் தெரிந்த நான், பாதி இறக்கையான அந்தக் காலைச் செம்மண்ணில் விட்டால் என்ன ஆகும், அதை எப்படிக் கழுவ வேண்டும், எப்படி உலர்த்த வேண்டும் என்று விற்றவரிடம்கூடக் கேட்கவில்லை.

ஆனி பிறந்ததும் சாரல் தொடங்கியது. குற்றாலத்தில் அருவி விழ ஆரம்பித்தால் எங்கள் பக்கம் மலைமேல் மேகம் உட்கார்ந்துகொள்ளும். மேல்காற்று தூறலைக் கொண்டுவந்து தெளிக்கும், பத்து நிமிஷத்தில் வெயில் அடிக்கும், மறுபடி தூறும். மண் வெள்ளமாவதில்லை, ஆனால் காய்வதும் இல்லை. கோழிகளின் கால் இறகு ஒரே வாரத்தில் காவியேறியது. நுனிகள் ஈரத்தில் ஒட்டிக் குச்சி குச்சியாக நின்றன.

அந்த ஆனி, ஆடி முழுக்க நான் கால் கழுவிவிட்டேன் என்றுதான் வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மை என்னவென்றால் படம் எடுக்கும் நாளில் மட்டும்தான் கழுவினேன். வாட்ஸப் ஸ்டேட்டஸில் போடுவதற்காக. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வாளித் தண்ணீர், கொஞ்சம் ஷாம்பு, அதற்குமேல் செம்மண் கறை போகட்டும் என்று எலுமிச்சம்பழம் பிழிந்த தண்ணீர். பழத்துக்கு எங்களுக்கா பஞ்சம்? இறகு பளீரென்று வெளுக்கும். புல்தரையில் நிறுத்தி நாலு படம் எடுத்ததும் மறுபடி சேற்றில் விட்டுவிடுவேன். அடுத்த படம் வரைக்கும் அந்தக் கால்களைக் குனிந்து பார்க்க மாட்டேன்.

எலுமிச்சைத் தண்ணீரில் காலை வைத்ததும் ஒரு பெட்டை வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். அமுக்கிப் பிடித்து மறுபடி முக்குவேன். முரண்டு பிடிக்கிறது என்று நினைத்தேன். விரலிடுக்கில் ஈரத்தில் ஊறித் தோல் வெடித்திருந்தது, அந்த வெடிப்பில் புளிப்பு எரிந்தது என்பது பல மாதம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. இப்போது மண்டியில் பழம் நசுங்கி அந்த வாசனை எழும்போதெல்லாம் அந்தக் கால் வெடுக்கென்று இழுபடுவது ஞாபகம் வருகிறது.

ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை வந்தது. சேறு எப்படிக் கட்டியாகிறது என்பதை அப்போது தினமும் பார்த்தேன், பார்த்துக்கொண்டே இருந்தேன் என்பதுதான் குற்றம். தண்ணீர்ச் சட்டியைச் சுற்றிச் சிந்திய ஈரத்தில் முதலில் மண் ஒட்டும். அதன்மேல் எச்சம். அதன்மேல் தீவனத் தூசி. வெறும் காலாக இருந்தால் உதிர்ந்துவிடும். இறகு நார் மாதிரி உள்ளே ஓடிப் பிடித்துக்கொள்ளும். சுவருக்கு வைக்கோல் போட்டு மண் குழைப்போமே, அதே வித்தை. நாளுக்கு ஒரு பூச்சாக ஏறி, விரல் நுனியில் சுண்டைக்காய் அளவில் தொடங்கி, பிஞ்சு எலுமிச்சை அளவுக்கு உருண்டுவிடும். வெயில் பட்டால் கல். உருண்டைக்குள் நகம் இருக்கிறது, விரல் நுனி இருக்கிறது, இரத்தம் ஓட இடமில்லாமல் நெருக்குகிறது. வெளியே காய்ந்திருந்தாலும் உள்ளே ஈரம். கோழி அந்த உருண்டைமேல் கால் வைத்து நடக்க வேண்டும், விரல் பக்கவாட்டில் ஒதுங்கும்.

அம்மா கார்த்திகை மாதமே சொன்னாள். அவளுக்கு மூட்டுவலி, குந்த முடியாது, கூட்டுப்பக்கம் வருவதும் குறைவு. வாசலில் நின்றபடியே சேவலின் காலைப் பார்த்துவிட்டு, “வெந்நில ஊற வச்சு எடுல. இழுத்துக்கிழுத்துப் போடாத” என்றாள். சரி என்றேன். நாளைக்குச் செய்கிறேன் என்றேன். அந்த நாளைக்கு ஒரு மாதம் ஓடியது.

மண்டியில் வேலை அதிகம் என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தேன். அதுவும் பொய். எலுமிச்சைக்குக் கிராக்கியெல்லாம் கோடையில். மழைக்காலத்தில் விலையும் இறங்கும், வேலையும் இறங்கும். ஐந்து மணிக்கே கணக்கை முடித்துவிட்டு ஆறரை வரை டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். மூன்று கோழிக்குக் கால் ஊறவைத்துக் கழுவ முக்கால் மணி நேரம் போதும். எனக்கு இல்லாதது நேரம் அல்ல. எச்சமும் சேறும் கலந்த அந்த உருண்டையைக் கையால் தொட எனக்கு அருவருப்பு. வெள்ளை இறகைத் தடவிக் கொடுத்த கைக்கு அந்தக் காலைத் தொட மனசு வரவில்லை. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

2023 டிசம்பர் 17, மார்கழி முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அன்றைய மழையைத் தென்மாவட்டக்காரர்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரை தாண்டியது, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு நூற்றுக்கணக்கான பேர் சிக்கிக்கொண்டார்கள். அந்தக் கஷ்டத்தோடு ஒப்பிட எங்கள் பக்கம் ஒன்றுமில்லை. தோட்டத்துப் பாத்திகள் நிரம்பி வழிந்தன, கோழிக்கூட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் ஏறியது. நனைந்துகொண்டே ஓடி மூன்றையும் தூக்கிப் பின்கட்டில் கொண்டுவந்து விட்டேன். மகள் துண்டால் துவட்டிவிட்டாள். “அப்பா காப்பாத்திட்டாங்க” என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடமெல்லாம் சொன்னாள்.

மூன்று நாளில் மழை ஓய்ந்து சுள்ளென்று வெயில் அடித்தது. அத்தனை சேறும் ஒரே மூச்சில் இறுகியது. வியாழக்கிழமை காலையில் ஒரு பெட்டை எழுந்திருக்கவே இல்லை. தீவனத்தைக் காட்டினால் கழுத்தை மட்டும் நீட்டியது. தூக்கிப் பார்த்தேன். வலது நடுவிரலில் ஒரு உருண்டை, கல்லாகக் கிடந்தது.

அம்மா சங்கரன்கோவிலில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். மனைவி வேலைக்கு, மகள் பள்ளிக்கூடத்துக்கு. மண்டிக்குக் கிளம்ப இன்னும் அரை மணி நேரம் இருந்தது. அடுப்பில் ஒரு சட்டித் தண்ணீர் வைத்தால் ஐந்து நிமிஷம். ஊற ஒரு பத்து, பதினைந்து நிமிஷம். அம்மா சொன்னது காதில் இருந்தது. ஆனால் அன்றைக்கு எனக்கு ஒரு எரிச்சல். இத்தனை நாள் செய்யாத வேலை ஒரே காலில் திரண்டு நின்று என்னைப் பார்த்ததில் வந்த எரிச்சல். மோட்டார் ரூமில் குறடு இருந்தது. கோழியைத் தொடைக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, ஓடு உடைக்கிற மாதிரி அந்த உருண்டையைக் குறடால் நெரித்தேன்.

முதல் நெரிப்பில் விரிசல் விட்டது. சரியாகத்தான் போகிறது என்று நினைத்தேன். இரண்டாவது தடவை குறடு உள்ளே எதையோ பிடித்தது. அப்படியே பிடித்து இழுத்தேன். உருண்டை வந்தது. கூடவே நகம் வந்தது, நகத்தோடு விரல் நுனித் தோலும் இறகு வேரும் வந்தன. கோழி கத்தவில்லை. வாயைத் திறந்து மூச்சை மட்டும் விட்டது. உடம்பு என் தொடைக்குள் நடுங்கியது. கைக்குள் கிடந்த உருண்டையைத் திருப்பிப் பார்த்தேன். உள்பக்கம் விரலின் அச்சு அப்படியே இருந்தது, செதில் செதிலாக, அச்சில் வார்த்த மாதிரி.

மஞ்சள்தூளை அப்பித் துணியைச் சுற்றிக் கூடையைக் கவிழ்த்து வைத்தேன். உருண்டையை மதிலுக்கு அந்தப் பக்கம் எறிந்தேன். குறடைக் கழுவி மாட்டிவிட்டு மண்டிக்குப் போனேன். சாயங்காலம் மகள் கூடைக்கு முன்னால் குந்தியிருந்தாள்.

“அப்பா, இதுக்கு என்னாச்சு?”

“கீரி வந்திருக்கும் போல தாயி. கடிச்சிட்டு.”

யோசிக்காமல் வந்த பொய். வந்த பிறகு திரும்ப எடுக்க நிறைய நேரம் இருந்தது. எடுக்கவில்லை.

விரல் நுனி கருத்து, பத்து நாளில் காய்ந்து விழுந்தது. கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு போனபோது மருத்துவர் விரலை விரித்து வைத்து நெடுநேரம் பார்த்தார். “கடிச்ச காயம் இப்படி இருக்காதே சார்” என்றார். நான் பேசவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை. புண்ணைச் சுத்தம் செய்து ஊசி போட்டுவிட்டு மற்ற விரல்களைக் காட்டச் சொன்னார். செதிலெல்லாம் தூக்கி, அடியில் சுண்ணாம்புப் பொடி மாதிரி படிந்திருந்தது. செதிலுக்கு அடியில் குடைந்து வாழும் நுண்ணிய பூச்சி அது. காலில் இறகு இருந்தால் வெளியே தெரியாமல் முற்றிவிடும் என்றார். “நீங்க காலைப் பாத்தே ரொம்ப நாளாச்சு போல” என்றார். அதற்கும் நான் பேசவில்லை.

பொங்கலுக்கு முன்னால் நடந்ததைத்தான் சொல்ல முடியாமல் இத்தனை நாள் இருந்தேன். பக்கத்துத் தோட்டத்தில் அவ்வப்போது குஞ்சுகள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. என் வீட்டுக் கோழியைக் கீரி கடித்த கதை அங்கே போய்ச் சேர்ந்தது. வேலியோரம் கண்ணி வைத்தார்கள். என்னிடம் சொல்லிவிட்டுத்தான் வைத்தார்கள். ‘சரி’ என்றேன்.

மகள் அதற்கு முன்பிருந்தே இரவில் டார்ச் எடுத்துக்கொண்டு கூட்டைச் சுற்றி ஒரு தடவை நடந்துவிட்டுத்தான் படுப்பாள். குளிரில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, கூட்டுக் கம்பிக்குள் வெளிச்சத்தை அடித்து மூன்றையும் எண்ணுவாள். “கீரி வரலப்பா” என்று வந்து சொல்வாள். கிட்டத்தட்ட மூன்று வாரம் தினமும் சொன்னாள்.

ஒரு நாள் விடியற்காலை கண்ணியில் கீரி கிடந்தது. செத்து விறைத்திருந்தது. பழுப்பும் சாம்பலும் கலந்த ரோமம், நுனி கருத்த வால், மூக்கு நுனி சிவந்திருந்தது. வயலில் எலியையும் பாம்பையும் பிடித்துத் தின்று திரிகிற பிராணி. 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கிற பிராணி. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நம்ம கோழியக் கடிச்சது இதுதானப்பா?”

நான் தலையாட்டினேன்.

கோழியின் விரலைப் பிய்த்ததைக்கூட அவசரம், முட்டாள்தனம் என்று எனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அந்தத் தலையாட்டலுக்கு ஒரு சமாதானமும் இன்றுவரை கிடைக்கவில்லை.

அம்மா ஊரிலிருந்து வந்த அன்றைக்கே கோழியை மடியில் போட்டு விரல் விரலாகப் பார்த்தாள். மகள் அருகில் இருந்ததால் ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவும்போது, “கீரி கடிச்சா கழுத்தக் கடிக்கும்ல. நகத்த மட்டும் பிடுங்கிட்டா போவும்?” என்றாள். அவ்வளவுதான். மறுநாள் சாயங்காலம் நாற்காலியைக் கூட்டு முன்னால் போடச் சொன்னாள். வெந்நீர்ச் சட்டியை வைக்கச் சொன்னாள். ஒவ்வொரு கோழியாக என்னை எடுத்துத் தரச் சொல்லி, மீதி உருண்டைகளை எப்படிக் கரைப்பது என்று காட்டினாள். அவளும் இதற்கு முன் செய்ததில்லை. பச்சைப்பிள்ளைக்கு உச்சியில் கட்டிய பொருக்கைக் கரைக்கிற மாதிரி செய்தாள்.

அன்றிலிருந்து செய்கிறேன். சூடு, குழந்தையைக் குளிப்பாட்டும் சூடு. முழங்கையை விட்டுப் பார்க்க வேண்டும். அகலமான பேசினில் கோழி நிற்கிற ஆழத்துக்குத் தண்ணீர். முதல் இரண்டு நிமிஷம் துடிக்கும், இறக்கையை உடம்போடு அணைத்துப் பிடித்தால் அடங்கிவிடும், பிறகு அந்தச் சூடு அதற்கே பிடித்துப்போய்க் கண்ணைச் சொருகும். தண்ணீர் மெல்லச் சிவக்கும். உருண்டை தானாகவே நெகிழும்; நெகிழாவிட்டால் தண்ணீரை மாற்ற வேண்டுமே தவிர, விரலால் நோண்டக் கூடாது. கரைந்த பிறகு கட்டைவிரலால் இறகின் போக்கிலேயே தடவ வேண்டும், எதிர்ப்போக்கில் போனால் குருத்து ஒடியும். விரலிடுக்குக்குப் பழைய பல்துலக்கும் பிரஷ். பிறகு துண்டில் ஒற்றி, வெயில் இருந்தால் வெயிலில், இல்லாவிட்டால் குண்டு பல்பு எரியும் பெட்டியில், இறகின் அடிவரை காய்ந்த பிறகுதான் கூட்டுக்குள். ஈரக் காலோடு அடைத்தால் கழுவியதே வினையாகும். செதிலில் வேப்பெண்ணெய் தடவுகிறேன்.

இதைவிடச் சுலபமான வழி ஒன்று முதலிலிருந்தே இருந்தது. மழைக்காலத்துக்கு முன்னால் கால் இறகைக் கத்தரித்துவிடலாம். முதிர்ந்த இறகின் தண்டு நம் நகம் மாதிரி, உயிர் இல்லை, வெட்டினால் வலிக்காது. நீலம் பாரித்த இளங்குருத்தை மட்டும் தொடக் கூடாது, உள்ளே இரத்தம் ஓடும். வெட்டியது அடுத்து இறகு உதிர்த்து முளைக்கும் வரை அப்படியே குட்டையாக நிற்கும். மருத்துவர் இதைச் சொன்னபோது, எனக்கு இது முன்பே தெரியும் என்பதுதான் உண்மை. படிக்கும்போதே கண்ணில் பட்டது. இறகை வெட்டினால் படத்தில் நன்றாக இருக்காது என்று விட்டுவிட்டேன்.

கூட்டையும் மாற்றிக் கட்டினேன். தரையை ஒரு முழம் உயர்த்தி, செங்கல் ஜல்லி கொட்டி, அதன்மேல் மணல், அதன்மேல் கடலைத்தொலி. தகரத்தை இரண்டடி வெளியே நீட்டினேன், சாரல் உள்ளே அடிக்காமல் இருக்க. தண்ணீர்ச் சட்டியைக் கம்பிவலை போட்ட மேடையில் வைத்தேன். சிந்துவது கீழே போய்விடும், கோழி அதில் மிதிக்காது. இவ்வளவு சேற்றுக்கும் தொடக்கம் அந்தச் சட்டியைச் சுற்றிய ஒரு முழ ஈரம்தான். நாலு கிலோ, ஐந்து கிலோ எடையுள்ள கோழி உயரத்திலிருந்து குதித்தால் உள்ளங்காலில் அடிபட்டு, அதில் கிருமி ஏறிச் சீழ் வைக்கும். அதனால் உட்காரும் கட்டையைத் தாழ்வாக, பட்டையாக வைத்தேன். ஈரமான தொலியைக் கிளறிவிடாமல் போட்டால் இரத்தக்கழிச்சல் வரும் என்பதால் தினமும் கிளறுகிறேன். ஒரு மாதச் சம்பளத்தில் பாதிகூட ஆகவில்லை. கோழி வாங்கின பணத்தைவிடக் குறைவு.

அந்தப் பெட்டை நன்றாக இருக்கிறது. முட்டை இடுகிறது. நிலத்தைக் கிளறும்போது மட்டும் வலது கால் பிடிமானம் இல்லாமல் வழுக்கும். ஒரு தடவை கிளறி, நின்று, மறுபடி கிளறும். மற்ற இரண்டும் அதற்குள் பூச்சியைக் கொத்திக்கொண்டு போய்விடும். அதனால் அதற்குத் தனியாகத் தீவனம் வைக்கிறேன்.

இந்த ஐப்பசியில் மகளிடம் சொன்னேன். பத்து வயதாகிவிட்டது. சாயங்காலம், பேசினில் அந்தப் பெட்டை நின்றுகொண்டிருந்தது, அவள் துண்டு வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தாள். குறடு முதல் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். என் முகத்தைப் பார்க்கவில்லை. கோழியின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு ஒன்றுதான் கேட்டாள்.

“அப்போ அந்தக் கீரி?”

“அது ஒண்ணுமே செய்யல தாயி” என்றேன்.

துண்டை என் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து போனாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தாள். நான் கழுவித் துவட்டிக் கொடுத்த கோழியை வாங்கி மடியில் மல்லாத்தி, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு காலிலும் ஒவ்வொரு விரலையும் மறுபடி விரித்துப் பார்த்தாள். இப்போது தினமும் அப்படித்தான். நான் கழுவி முடித்ததும் கையை நீட்டுகிறாள். அவள் பார்த்த பிறகுதான் கோழி கூட்டுக்குள் போகிறது.